செல் சாற்றில் ஒளிரும் புரதம்

கேள்வி: செல்களை உடைத்து எடுத்த சாற்றில் டிஎன்ஏவைச் சேர்த்துப் புரதம் தயாரிக்கிறோம். கிடைப்பது கொஞ்சம்தான். சாற்றிலேயே இருக்கும் புரதங்களுக்கு நடுவில், புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வினை முடிந்ததும் ஒளிர்சாயம் கலந்தால் எல்லாமே ஒளிர்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களில் ஒன்று லைசின். அதைப் பிடிக்கும் சாயத்துக்கு உங்கள் புரதம், சாற்றின் புரதம் என்ற பாகுபாடு தெரியாது. அதனால் புரதம் உருவாகும்போதே சாயத்தை ஏற்றிவிடுங்கள்.

புரதத்தைக் கோக்கும் ரைபோசோமுக்கு அமினோ அமிலத்தைச் சுமந்து வருவது டிஆர்என்ஏ. அது சுமக்கும் லைசினில் போடிபி போன்ற சிறிய சாயத்தை முன்பே இணைத்து விற்கிறார்கள். டிஆர்என்ஏவின் குறியீடு பொருந்தினால் போதும், லைசினோடு ஒட்டிவரும் சாயத்தையும் ரைபோசோம் ஏற்றுக்கொள்ளும். புதிய புரதம் மட்டும் ஒளிரும். 1961இல் நிரன்பெர்க், மத்தாய் என்ற விஞ்ஞானிகள் ஈ.கோலை பாக்டீரியாவின் சாற்றில் புதிய புரதத்தை அடையாளம் கண்டது கதிரியக்க அமினோ அமிலத்தை வைத்துத்தான். இது அதே வழி, கதிரியக்கத் தொல்லை இல்லாமல்.

ஆனால் இந்த டிஆர்என்ஏ ரொம்ப மென்மையானது. லைசினை அதோடு பிணைத்திருக்கும் எஸ்டர் பிணைப்பு தண்ணீரில் தானாகவே அறுந்துவிடும். ஆழ்குளிரில், இருட்டில் வையுங்கள். பனிக்கட்டி மேல் உருக்கி உடனே பயன்படுத்துங்கள். வினைக் கலவையை ஜெல்லில் ஏற்றும் முன் கொதிக்கவிடாதீர்கள், 70 டிகிரி செல்சியஸில் 2-3 நிமிடம் போதும்.

அப்புறம், ஜெல்லில் 25 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) பக்கம் ஒரு பளிச்சென்ற பட்டை தெரிந்தால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அது மிச்சமான டிஆர்என்ஏதான். ஆர்என்ஏவை வெட்டும் ஆர்என்ஏஸ் நொதியைச் சேர்த்துச் சிறிது நேரம் வைத்தால் கலைந்துவிடும். டிஎன்ஏ சேர்க்காத வினை ஒன்றைப் பக்கத்திலேயே ஓட்டுங்கள்; அதிலும் தெரியும் பட்டை உங்கள் புரதம் அல்ல. அந்த ஒப்பீடு இல்லாத ஜெல் படத்தை நான் நம்புவதே இல்லை.

இன்னொன்று: சாற்றில் சாதாரண லைசினும் இருப்பதால் எல்லா லைசின் இடத்திலும் சாயம் ஏறாது. லைசின் அதிகமுள்ள புரதம் கூடுதலாக ஒளிரும். ஆகவே இரண்டு வெவ்வேறு புரதங்களின் ஒளியை ஒப்பிட்டு, எது அதிகம் விளைந்தது என்று சொல்லக் கூடாது. புரதத்தில் ஒரே இடத்தில்தான் சாயம் வேண்டும் என்றால், டிஎன்ஏவில் அந்த இடத்துக்கு யுஏஜி என்ற நிறுத்தக் குறியை (வழக்கமாகப் புரதம் அங்கே முடிந்துவிடும்) வைத்து, அதைப் படிக்கும் சாய டிஆர்என்ஏவைச் சேர்க்க வேண்டும். விளைச்சல் குறையும். உங்களுக்கு இப்போதைக்கு லைசின் வழியே சரி.