வாசகர் கேள்வி – பதில்: வீட்டில் செய்யும் ஹார்ன் ஸ்பீக்கர்

கீழ் ஒலி முதல் மேல் ஒலி வரை தானே எழுப்பும் ஸ்பீக்கர் அலகான ஃபுல்ரேஞ்ச் டிரைவர் ஒன்றை மட்டும் கொண்டு வீட்டிலேயே செய்யக்கூடிய பின்ஹார்ன் பெட்டியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். டிரைவரின் முன்பக்க ஒலி நேராகக் கேட்பவரை அடைய, பின்பக்க ஒலி பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்ட நீண்ட ஹார்ன் வழியே விரிந்து வெளியே வந்து, பேஸ் எனப்படும் கீழ் ஒலியை வலுப்படுத்தும் அமைப்பு அது. அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஹார்ன் என்பது திருவிழாவில் பனைமரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர்தானே? அந்த ஓசையைக் காசு கொடுத்து ஏன் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்?
– வாசகர், திண்டுக்கல்

தத்துவம் ஒன்றுதான். ஸ்பீக்கரில் ஆடி ஒலியை எழுப்பும் கூம்பான கோனோடு ஒப்பிட்டால் காற்று மிக இலேசானது. ஆகவே கோன் எவ்வளவு ஆடினாலும் அதன் உழைப்பில் மிகச் சிறு பங்கே காற்றில் ஏறுகிறது. சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர்களில் பல, தாம் வாங்கும் மின்னாற்றலில் ஒரு சதவீதத்தைக்கூட ஒலியாக மாற்றுவதில்லை. குறுகிய தொண்டையில் தொடங்கிப் படிப்படியாக விரியும் குழாய் ஒன்றை இடையில் வைத்தால், கோனுக்குக் காற்று பிடி கொடுக்கிறது. வயலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரை அழைக்க இரு கைகளையும் வாயருகே குவிப்பவர் செய்வதும் இதுவே.

ஆனால் எந்த ஹார்னும் தன் விரிந்த முனையான வாயின் சுற்றளவைவிட நீண்ட அலைகளைச் சரிவர வெளியே விடாது. குழாய் ஸ்பீக்கரின் வாய் அரை மீட்டர் விட்டம் கொண்டது என்று வைத்துக்கொண்டால் அதன் சுற்றளவு 1.57 மீட்டர். நம் ஊரின் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் செல்வதால், அந்த வாய் ஏறக்குறைய 220 ஹெர்ட்ஸுக்குக் கீழே கைவிட்டுவிடுகிறது. பேச்சு புரிவதற்கு அது போதும். மிருதங்கத்தின் கனத்த பக்கமான தொப்பி கேட்பதற்குப் போதாது. தாங்கள் வெறுப்பது ஹார்னை அன்று, அதன் குட்டையான அளவை.

பரணில் பழைய வால்வு ரேடியோவின் 8 அங்குல ஸ்பீக்கர் ஒன்று நல்ல நிலையில் கிடக்கிறது. அதை ஹார்ன் பெட்டியில் பொருத்தலாமா?
– வாசகர், கும்பகோணம்

வேண்டாம். பின்ஹார்னுக்கு வலுவான காந்தமும் இலேசான கோனும் கொண்ட டிரைவர் தேவை; கோனின் ஆட்டம் எவ்வளவு கட்டுக்குள் அடங்குகிறது என்பதைக் காட்ட அளவுத்தாளில் க்யூடிஎஸ் (Qts) என்று குறிக்கப்படும் எண் 0.2 முதல் 0.3 வரை இருந்தால் நல்லது. பழைய ரேடியோ ஸ்பீக்கர்களின் காந்தம் பெரும்பாலும் சிறியது, அந்த எண்ணும் உயர்ந்தே இருக்கும். அத்தகையதை ஹார்னில் வைத்தால் பேஸ் கட்டுப்பாடின்றி இழுபடும். ஒரு மீட்டர் அகலமுள்ள திறந்த பலகையில் துளையிட்டுப் பொருத்திப் பாருங்கள். அது பிறந்ததே அப்படிப் பாடுவதற்குத்தான்.

16 செ.மீ. ஃபுல்ரேஞ்ச் டிரைவரைக் கொண்டு பின்ஹார்ன் செய்தேன். பின் அறை 2.5 லிட்டர், தொண்டை 100 சதுர செ.மீ., ஹார்னின் நீளம் 2.5 மீட்டர், வாய் 1,600 சதுர செ.மீ. ஆண் பாடகர்களின் குரல் பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. சில சுரங்கள் ஓங்குகின்றன, சில காணாமல் போகின்றன. பெட்டிகள் கூடத்தின் நடுவே, சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி உள்ளன. டிரைவரை மாற்றினால் சரியாகுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

டிரைவரை மாற்ற வேண்டாம். அளவுகளை ஒழுங்காக எழுதி அனுப்பியதற்கு முதலில் நன்றி. இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பத்துக்கு ஒன்பது, ஒலி நன்றாக இல்லை என்பதோடு முடிந்துவிடுகின்றன.

பின் அறை என்பது டிரைவருக்கும் ஹார்னின் தொண்டைக்கும் இடையே, காந்தத்தைச் சுற்றி இருக்கும் காலியிடம் மட்டுமன்று. தொண்டையோடு சேர்ந்து அது ஒரு வடிகட்டியாக வேலை செய்து, மேல் ஒலிகளை ஹார்னுக்குள் விடாமல் தடுக்கிறது. தொண்டையின் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் எழுதி, அறையின் கொள்ளளவை லிட்டரில் எழுதி, முன்னதைப் பின்னதால் வகுத்து 5.5 ஆல் பெருக்கினால், அந்த வடிகட்டி எந்த ஹெர்ட்ஸிலிருந்து தடுக்கத் தொடங்கும் என்பது தோராயமாகக் கிடைக்கும். தங்கள் 2.5 லிட்டரில் காந்தமும் டிரைவரின் கூடும் அரை லிட்டரையாவது விழுங்கியிருக்கும். மீதி 2 லிட்டர் என்றால் விடை 275 ஹெர்ட்ஸ். அதாவது ஆண் குரலின் அடிப்படைச் சுரங்களில் பெரும்பகுதி முன்புறத்திலிருந்து ஒருமுறையும், 2.5 மீட்டர் சுற்றிவந்து ஏறக்குறைய 7 மில்லிநொடி தாமதமாக ஹார்ன் வாயிலிருந்து இன்னொரு முறையும் ஒலிக்கின்றன. பீப்பாய் அங்கேதான் இருக்கிறது.

சுரங்கள் ஓங்குவதும் மறைவதும் இதே தாமதத்தின் விளைவு. கோனின் பின்பக்கம் முன்பக்கத்துக்கு எதிராக ஆடுகிறது. ஹார்னின் நீளம் ஓர் அலைநீளத்தின் பாதியாக இருக்கும் சுரத்தில் இரண்டும் ஒன்றுசேர்ந்து வலுக்கும். முழு அலைநீளமாக இருக்கும் சுரத்தில் ஒன்றை ஒன்று அழிக்கும். ஒன்றரை மடங்கில் மீண்டும் சேரும். 2.5 மீட்டருக்கு இவை முறையே 70, 140, 209 ஹெர்ட்ஸ். ஒன்றரைக் கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஆதார சட்ஜம் 138.6 ஹெர்ட்ஸ், அதன் பஞ்சமம் 208 ஹெர்ட்ஸ் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தங்கள் பெட்டி சட்ஜத்தை அமுக்கிப் பஞ்சமத்தைத் தூக்குகிறது. கர்நாடக சங்கீதம் கேட்பவருக்கு இதைவிடப் பெரிய கொடுமை செய்ய முடியாது. உண்மையில் பெட்டியின் வளைவுகளும் கேட்கும் கூடமும் இந்த எண்களைச் சற்று நகர்த்தும் என்றாலும், மைக் வைத்து அளந்தால் இதே சாயலைத்தான் காண்பீர்கள்.

பின் அறையின் நிகரக் கொள்ளளவை 4 அல்லது 5 லிட்டராக உயர்த்துங்கள். தடுப்பு 140 அல்லது 110 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். 209 ஹெர்ட்ஸ் வீக்கம் நன்றாகக் குறையும். 140 ஹெர்ட்ஸ் பள்ளம் அடியோடு மறையாது, ஆழம் குறையும். தடுப்புப் பலகையைப் பெயர்க்க முடியாதபடி ஒட்டிவிட்டீர்கள் என்றால், பின் அறையின் உட்சுவர்களில் 10 மி.மீ. கம்பளி ஃபெல்ட் ஒட்டி, ஹார்னின் முதல் வளைவில் கைப்பிடியளவு கம்பளியைத் தளர்வாக வைத்துப் பாருங்கள். கம்பளி மேல் ஒலிகளையே அதிகம் தின்னும். ஆனால் ஹார்ன் முழுவதும் திணித்துவிட்டால் பேஸும் போய்விடும். ஒரு பிடி வைத்து, இரண்டு நாள் கேட்டு, பிறகு அடுத்த பிடியை வையுங்கள். இனிமேல் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பின் அறையைத் தேவைக்கு ஒன்றரை மடங்கு பெரிதாகச் செய்து, மரக்கட்டைகளை உள்ளே வைத்துக் குறைத்துக்கொள்ளுங்கள். குறைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும், கூட்டுவதற்கு ரம்பம் வேண்டும்.

அடுத்தது இடம். 1,600 சதுர செ.மீ. வாய், எந்தப் பரப்பும் அருகில் இல்லாத வெட்டவெளியில் கீழே 245 ஹெர்ட்ஸ் வரைக்குமே முழு ஹார்னாக நடந்துகொள்ளும். தரையும் ஒரு சுவரும் துணை நின்றால் அந்த எல்லை 123 ஹெர்ட்ஸுக்கும், தரையும் இரு சுவர்களும் கூடும் மூலையில் வைத்தால் 87 ஹெர்ட்ஸுக்கும் இறங்கும். மூலைச் சுவர்கள் ஹார்னின் தொடர்ச்சியாகவே மாறிவிடுவதுதான் இதன் காரணம். லண்டனில் பால் வாய்ட் 1930களில் வீட்டுக்கென்று செய்த ஹார்னை மூலையில் வைப்பதற்காகவே வடிவமைத்தார். கூடத்தின் நடுவில் வைத்திருக்கும் தாங்கள், பாதி ஹார்னை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். முதலில் பெட்டிகளை மூலைக்கு நகர்த்திக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு பின் அறையைத் திருத்துங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். 50 ஹெர்ட்ஸ் ஒலியை மிதமான அளவில் ஓடவிட்டு, எரியும் ஊதுபத்தியைப் பின் அறையின் மூட்டுகளை ஒட்டி மெதுவாக நகர்த்தினால், புகை துடிக்கும் இடத்தில் ஓட்டை இருக்கிறது.

பேஸ் நன்றாக அமைந்துவிட்டது. ஆனால் வயலினும் பெண் குரலும் காதைக் குத்துகின்றன.
– வாசகி, திருநெல்வேலி

16 செ.மீ. கோன் ஏறக்குறைய 850 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை நாலாபக்கமும் பரப்பாமல், கைவிளக்கின் ஒளியைப்போல் முன்னோக்கிக் குவிக்கத் தொடங்குகிறது. வலுவான காந்தமும் சேர்ந்து அந்த நேர்க்கோட்டில் மேல் ஒலியை மிகைப்படுத்துகிறது. ஆகவே பெட்டிகளின் முகத்தைத் தாங்கள் அமரும் இடத்திலிருந்து 15 அல்லது 20 டிகிரி விலக்கித் திருப்புவதே முதல் மருந்து, இதற்குச் செலவில்லை.

அது போதாவிட்டால், 4 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் 0.5 மில்லிஹென்றி காயில் (கம்பிச் சுருள்) ஒன்றையும் ஒன்றுக்கொன்று இணையாகக் கட்டி, அந்தக் கட்டை டிரைவருக்குப் போகும் ஒரு கம்பியில் தொடராக இணையுங்கள். கீழ் ஒலிகள் காயில் வழியே தடையின்றிச் செல்லும். ஏறக்குறைய 1,300 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளவை ரெசிஸ்டரின் வழியே செல்ல வேண்டியிருப்பதால், 8 ஓம் டிரைவரில் மூன்றரை டெசிபல் வரை தணியும். உச்ச ஒலிகளில் டிரைவரின் சொந்த மின்தடையே ஏறிவிடுவதால் அங்கே தணிப்பு குறைந்து, ஜாலராவின் மினுக்கு பெரிதும் தப்பிவிடும். ரெசிஸ்டர் 10 வாட் தாங்குவதாக இருக்கட்டும்; காயிலின் கம்பி தடித்ததாக இருக்கட்டும். 2 ஓமில் தொடங்கி மேலே போவது நல்லது, ஏனெனில் அதிகம் தணித்துவிட்டு மந்தமாக இருக்கிறது என்று வருந்துபவர்களே அதிகம்.

ப்ளைவுட்டா, எம்டிஎஃபா?
– வாசகர், சென்னை

18 மி.மீ. ப்ளைவுட். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை அறுப்பதற்கு வெண்ணெய்போல இருக்கும் என்பது உண்மைதான். என் முதல் பெட்டி அதில்தான் செய்யப்பட்டது. ஓர் ஐப்பசி மழையில் அடிப்பலகை ஈரத்தை உறிஞ்சிப் பிஸ்கட்போல் உப்பியது. தண்ணீர் தாங்கும் தரமான ப்ளைவுட்டில் ஒரு பெட்டிக்கு 8×4 அடிப் பலகை ஒன்று ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துவிடும், ஏனெனில் மேலே கோவை வாசகர் தந்த அளவில் ஹார்னின் உள்வெளி மட்டுமே 135 லிட்டர் வருகிறது. உள்தடுப்புகளை ஆசாரியிடம் விடுமுன், பக்கப் பலகையில் முழு அளவில் பென்சிலால் வரைந்து கொடுத்துவிடுங்கள்.

அவ்வளவு பெரிய பெட்டிக்கு எங்கள் வாடகை வீட்டில் இடமில்லை. சிறிதாகச் செய்ய வழி உண்டா?
– வாசகர், மதுரை

உண்டு. ஜப்பானில் இத்தகைய பெட்டிகளைச் சாமானிய மக்களிடம் பரப்பிய நாகாவோகா தெட்சுவோ, 10 செ.மீ. டிரைவருக்கென்று வரைந்த ‘ஸ்வான்’ என்னும் பெட்டி புகழ்பெற்றது. அன்னத்தின் தலைபோன்ற சிறு அறையில் டிரைவரும், கழுத்தின் வழியே கீழே இறங்கி உடலுக்குள் மடிந்து செல்லும் ஹார்னுமாக அது அமைந்திருக்கும். தலை சிறியதாக இருப்பதால் குரல் பெட்டியிலிருந்து விடுபட்டு அந்தரத்தில் நிற்பதுபோல் கேட்கும். ஆழ்ந்த பேஸும் பெரிய ஓசையும் இதில் கிடைக்கா. சிறிய கூடத்தில் வீணைக்கும் குரலுக்கும் நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

வால்வு ஆம்ப்ளிஃபையர் கட்டாயமா?
– வாசகர், ஈரோடு

கட்டாயமில்லை. வாட்டுக்கு 94 டெசிபல் என்ற அளவில் உரக்க ஒலிக்கும் டிரைவருக்கு வீட்டில் ஐந்தாறு வாட் போதும் என்பதால், ஒற்றை வால்வில் இயங்கும் சிறிய ஆம்ப்ளிஃபையர்களும் இங்கே பிழைத்துக்கொள்கின்றன. வால்வு ஆம்ப்ளிஃபையரில் பேஸ் சற்றுக் கூடுதலாகக் கேட்பதற்குப் பெருங்காரணம், அதன் வெளியீட்டு மின்தடை அதிகம் என்பதே. அதனால் கோனின் மீதுள்ள பிடி தளர்கிறது. ட்ரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர், டிரைவரோடு தொடராக 1 அல்லது 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் அந்த விளைவில் பெரும்பங்கை முப்பது ரூபாயில் பெற்றுவிடலாம். இதைச் சொன்னதற்காக வால்வு அன்பர்களிடமிருந்து எனக்குக் கடிதங்கள் வரும் என்பது தெரியும்.

புது டிரைவரை இருநூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் உண்மையான ஒலி வரும் என்கிறார்களே?
– வாசகர், சேலம்

முதல் சில மணி நேரங்களில் கோனைத் தாங்கும் விளிம்பும் உள்வளையமும் சற்று இளகுவதை அளந்தே காணலாம். அதன் பிறகு இளகுவது பெரும்பாலும் நம் காது.

இரண்டு பெட்டிகளையும் சேர்த்தே செய்யலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

ஒன்றை மட்டும் செய்யுங்கள். மூலையில் வைத்து, மோனோவில் ஒரு மாதம் கேட்டு, பின் அறையின் அளவும் கம்பளியின் அளவும் நிலைபெற்ற பிறகு இரண்டாவது பலகையை வாங்குங்கள். முதல் பெட்டியின் பக்கப் பலகைகளில் ஒன்றை ஒட்டாமல், திருகாணிகளால் மட்டும் பூட்டி, விளிம்பில் மெல்லிய ரப்பர் பட்டை வைத்து மூடினால், திறந்து திருத்துவது எளிதாக இருக்கும்.