அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

அன்புள்ள ஐயா,

நிலவியல் இளங்கலை கடைசி வருடம் படிக்கிறேன். நிலத்தடி நீர் பற்றி மேலே படிக்க ஆசை. அதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று வீட்டில் கேட்கிறார்கள். கார்ஸ்ட் நிலம் (சுண்ணாம்புப் பாறை கரைந்து பொந்து விழுந்த நிலம்) பற்றிப் படிக்க ஸ்லோவேனியாவுக்குத்தான் போக வேண்டுமா? நம் ஆயன்குளம் அதிசயக் கிணறு போல ஊருக்கு ஒன்று இருந்தால் பஞ்சமே வராது, இல்லையா?

இசக்கி, வள்ளியூர்

அன்புள்ள இசக்கி,

வேலை கிடைக்கும். தெருவுக்குத் தெரு போர் போடுகிற நாட்டில் நிலத்தடி நீர் படித்தவருக்கு என்ன குறை? ஸ்லோவேனியாவில் போஸ்தொய்னாவில் கார்ஸ்டுக்கென்றே ஆய்வு நிறுவனம் இருக்கிறது, முடிந்தால் போய்ப் படி. உன் கடைசி வரிதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்ச நாளாக அந்தக் கிணற்றைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2021 மழையில் திசையன்விளைப் பக்கம் உபரி வெள்ளத்தை அதற்குள் திருப்பிவிட்டார்கள். வாரக்கணக்கில் விழுந்தும் நிரம்பவில்லை, ஊரே போய் செல்போனில் படம் எடுத்தது. ஐஐடி மெட்ராஸ் குழு வந்து ஆராய்ந்து, அடியில் சுண்ணாம்புப் பாறை, அதில் தண்ணீர் போக வழிகள் இருக்கின்றன என்றது. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாக அமிலமாகி, சுண்ணாம்பைக் கரைத்து, விரிசலைப் பொந்தாக்கிவிடும். பாடத்தில் படித்திருப்பாய். படித்த பிள்ளைக்கு அடுத்த கேள்வி வர வேண்டாமா? உள்ளே போன வெள்ளம் எங்கே போயிற்று?

மணலில் இறங்கும் தண்ணீர் மெல்ல வடிந்து தெளியும். பொந்துக்குள் ஓடுகிற தண்ணீருக்கு அந்த வடிகட்டல் கிடையாது. சாணி, வயலுக்கு அடித்த மருந்து, சாக்கடை எல்லாம் அப்படியே போய் யார் வீட்டுக் குடத்திலோ ஏறும். கனடாவில் வாக்கர்ட்டன் என்று ஒரு சின்ன ஊர். 2000 மே மாதம் பெருமழையில் வயலில் போட்ட மாட்டுச்சாணம் பாறை விரிசல் வழியாக ஊர்க் கிணற்றில் இறங்கியது. குளோரினும் சரியாகப் போடவில்லை. 7 பேர் செத்தார்கள், 2,300 பேருக்கு மேல் படுத்தார்கள். பிறகு நிலத்தடி நீரில் சாயம் கலந்து பார்த்தால், கணக்குப் போட்டு வைத்திருந்ததைவிடப் பல மடங்கு வேகத்தில் தண்ணீர் ஓடியிருக்கிறது.

கடற்கரைப் பக்கம் எங்கள் அத்தை வீட்டில், பெருமழைக்கு மறுநாளே கிணறு கலங்கிவிடும். வாளியில் வைக்கோல் துரும்பு வரும், சில சமயம் குட்டி நத்தை. பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, பானைக்குள் தேத்தாங்கொட்டையைத் தேய்த்து வைப்பாள். மேலத்தெருக் கிணறு மூன்றாம் நாள்தான் கலங்கும், கோயில் கிணறு கலங்கவே கலங்காது. பிள்ளைகளுக்கு அங்கேயிருந்துதான் எடுப்பாள். எந்தக் கிணற்றுக்கு எதோடு தொடர்பு என்பது அவளுக்கு அத்துப்படி. பள்ளிக்கூடம் போகாத பொம்பளை பார்த்ததை நீ பார்க்காமல் அதிசயம் என்கிறாயே அம்மா!

வெள்ளத்தை உள்ளே விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உப்பு ஏறுகிற நம் கடலோர ஊர்களுக்கு அது வேண்டும்தான். வண்டல் படியவைத்து, வடிகட்டி விட வேண்டும், அதற்கும் முன்னால் அது எங்கே வெளிவருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் ஊருக்கு ஒன்று வெட்டுவது கொடுமை.

சரி, ஐப்பசி மழை பிடிக்கட்டும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிக்கொண்டு திசையன்விளைப் பக்கத்துக் கிணறுகளை மழைக்கு முன்னும் பின்னும் தினமும் அளந்து பார். மழைநீர் நேரே புகுந்து மறுநாளே உப்பின் அளவு சட்டென்று இறங்குவது எது, அசையாமல் நிற்பது எது என்று எழுதி அனுப்பு. ஒவ்வொரு கிணற்றுக்கும் பக்கத்தில் மாட்டுத் தொழுவமும் கக்கூஸ் குழியும் எத்தனை அடியில் இருக்கின்றன என்பதையும் சேர்த்து.