கடல் போட்ட மணலா, ஆறு போட்ட மணலா?

கேள்வி: லாப்ரடோர் பூங்காவுக்கு மகளோடு போயிருந்தோம். கடலோரப் பாறையில் சிவப்பும் பழுப்புமாக அடுக்கடுக்காகக் கோடுகள். "இது மணல்தானே அப்பா, யார் கொண்டுவந்து போட்டது?" என்று கேட்டாள். கல்லைப் பார்த்தே சொல்ல முடியுமா?
- ஒரு தந்தை, புக்கிட் பாத்தோக், சிங்கப்பூர்

பதில்: முடியும். ஆனால் அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. மணல் எந்தப் பாறை உடைந்து வந்தது என்பது ஒன்று, கடைசியில் ஆறு, கடல், காற்று இவற்றில் எது அதைப் படியவைத்தது என்பது இன்னொன்று. முதலாவதை மணல்மணியில் தேட வேண்டும், இரண்டாவதை அடுக்கில். கடலோரத்தில் இருப்பதால் கடல் மணல் என்று சொல்லிவிடாதீர்கள். தென்மேற்கு சிங்கப்பூரின் ஜூரோங் படிவுப் பாறைகளில் பெரும்பகுதி ஏறக்குறைய 20 கோடி ஆண்டு பழையவை, இன்றைய கடல் அவற்றை அரிக்கத்தான் செய்கிறது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். கண்ணாடிபோலத் தெரிவது குவார்ட்ஸ் என்ற கடினமான தாது. ஏறக்குறைய எல்லாமே குவார்ட்ஸ் என்றால் மற்ற தாதுக்கள் சிதைந்துபோகும் அளவுக்கு அந்த மணல் நெடுங்காலம் அடிபட்டிருக்கிறது, அல்லது பழைய மணற்கல்லே உடைந்து மறுபடியும் மணலாகியிருக்கிறது. ஃபெல்ட்ஸ்பார் என்ற, எளிதில் சிதையும் தாது நிறைய இருந்தால் பெரும்பாலும் கிரானைட் போன்ற பாறை பக்கத்தில் இருந்து, மணல் சீக்கிரம் புதைந்திருக்கும். ஆனால் நம்ம ஊர் வெயிலிலும் மழையிலும் ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிவிடும், அதனால் பாறையின் வெளிமுகத்தில் அது இல்லை என்பதை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது. ஆய்வகத்தில் கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் மணிகளை எண்ணுவார்கள். அப்புறம் சிர்க்கான் என்ற, எளிதில் அழியாத தாதுவின் மணிகளுடைய வயதைக் கணிப்பார்கள். அது புக்கிட் தீமா கிரானைட்டின் வயதோடு பொருந்தினால் நல்ல துப்பு, அவ்வளவுதான், ஏனென்றால் அந்த மணியும் இடையில் வேறொரு மணற்கல்லில் தங்கிவிட்டு வந்திருக்கலாம்.

அடுக்குகள்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஒரு தடித்த அடுக்குக்குள் மெல்லிய கோடுகள் சாய்ந்து கிடந்தால், அவை சரியும் பக்கம்தான் அன்று நீரோ காற்றோ போன திசை. மணலில் பதிந்த வரிவரியான அலைத்தடத்தின் இரு பக்கமும் ஒரே சரிவாக இருந்தால் முன்னும் பின்னும் ஆடிய அலை, ஒரு பக்கம் மட்டும் செங்குத்தாக இருந்தால் ஒரே திசையில் ஓடிய நீர். அடியில் அரித்த தடமும் கூழாங்கல்லும், மேலே போகப்போக மணல் பொடியாகிக் கடைசியில் களிமண்ணும் வந்தால் ஆறாக இருக்க வாய்ப்பு அதிகம். கடல் சிப்பியோ கிளௌகோனைட் என்ற பச்சைத் தாதுவோ தென்பட்டால் கடல் பக்கம் சாயலாம். சிவப்பு நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், அந்த இரும்புத்துரு பின்னால் வெளியில் கிடந்தபோதும் ஏறியிருக்கலாம். எதையுமே தனியாக எடுத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது, கீழிருந்து மேல் வரை எது எதன்மேல் வருகிறது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஒரு துண்டு உடைத்து எடுத்துவரலாமா?
- அதே வாசகர்

பதில்: வேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட இயற்கை வனம், அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு அடிக்கோல் வைத்துப் படம் எடுங்கள், அடுக்குகளை மகள் தாளில் வரையட்டும். நடைபாதையை விட்டு இறங்க வேண்டாம், தளர்ந்த கல் மேலிருந்து விழலாம்.