புது மானிட்டர் மாட்டுனதுலேர்ந்து கண்ணு எரியுதா? முதல்ல மூக்குக் கண்ணாடியப் பாருங்க

தண்டையார்பேட்டைலேர்ந்து ஒரு அண்ணா கேட்டிருக்காரு. வயசு 52, பைஃபோகல் (மேல தூரத்துக்கு, கீழ படிக்கன்னு ரெண்டு பவர் இருக்குற கண்ணாடி) போடுறவரு, கீழ்த்துண்டுல ரீடிங் பவர் +2. ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸுக்கு வீட்லேர்ந்தே பில் ஆஃப் என்ட்ரி (எறக்குமதி சரக்குக்கான கஸ்டம்ஸ் படிவம்) போடுறாரு. இத்தன வருஷமா 15.6 இஞ்ச் லேப்டாப், ஒரு தொந்தரவும் இல்லயாம். இப்ப 27 இஞ்ச் மானிட்டர் வாங்குனதுலேர்ந்து மத்தியானம் தாண்டுனா கண்ணு எரியுது, பின்மண்ட கனக்குது, சரக்கு வகைக்கான எச்எஸ் கோடு நம்பர்ல 3-ஆ 8-ஆன்னு முட்டிக்குது. கடைக்காரர் நீல வெளிச்சத்தத் தடுக்குற புளூ கட் கண்ணாடி போட்டா சரியாயிடும்ங்குறாரு. மானிட்டர் ஃபால்ட்டா, கண்ணு ஃபால்ட்டா?

பெரும்பாலும் ரெண்டும் இருக்காதுண்ணா. உங்க கண்ணாடிக்கும் மானிட்டருக்கும் தூரம் ஒத்துவரல, அவ்ளோதான்.

லேப்டாப் எங்க இருந்துச்சு? முகத்துலேர்ந்து 45 செ.மீ.ல, கீழ தாழ்வா. நீங்க குனிஞ்சு பாத்தீங்க, கண்ணு தானா பைஃபோகலோட கீழ்த்துண்டு வழியா போச்சு, +2 பவர் சுமார் 50 செ.மீ. வரைக்கும் தெளிவா காட்டும், அதனால கச்சிதமா ஒத்துப்போச்சு. புது மானிட்டர் நிக்குறது 65 செ.மீ. தள்ளி, அதுவும் உங்க மூஞ்சிக்கு நேரா. மேல்துண்டு தெருவுக்கு எதிர்ல வர்ற பஸ் நம்பர் பாக்குறதுக்கு, அதுல பாத்தா இந்த வயசுல கண்ணு முக்கி முக்கி தான் ஃபோகஸ் பண்ணும். கீழ்த்துண்டுல பாக்கணும்னா தாடையத் தூக்கணும், அப்பவும் 50 செ.மீ. தாண்டிட்டதால மங்கும், உடனே உடம்ப முன்னாடி தள்ளுவீங்க. நாள் பூரா தாடையத் தூக்கிட்டு முன்னாடி சாஞ்சா பின்மண்ட கனக்காம என்ன பண்ணும்.

அதனால நீங்க வழக்கமா உக்கார்ற மாதிரி உக்காந்துகிட்டு, வீட்ல யாரயாச்சும் விட்டு கண்ணுலேர்ந்து ஸ்கிரீன் வரைக்கும் டேப் வெச்சு அளக்கச் சொல்லுங்க. அந்த அளவ எழுதி எடுத்துட்டுப் போய் பவர் டெஸ்ட் பண்றவங்க கிட்ட குடுத்து "இந்த தூரத்துக்கு மட்டும் தனியா ஒரு கம்ப்யூட்டர் கண்ணாடி வேணும்"னு கேளுங்க. ரீடிங் பவர்ல ஏறக்குறைய பாதி தான் வரும், முழுசும் ஒரே பவர் இருக்குற சிங்கிள் விஷன் லென்ஸ், அதுக்கு விலையும் கம்மி. அத டேபிள்லயே வெச்சுக்கோங்க, போட்டுட்டு வண்டி ஓட்டாதீங்க. அது வர்ற வரைக்கும் மானிட்டர நல்லா கீழ எறக்கி, மேல் பக்கம் லேசா பின்னாடி சாய்ச்சு வெச்சா தாடையத் தூக்குறது கொறையும். டிவி மாதிரி செவுத்துல உசரத்துல மாட்டுறது பைஃபோகல் போடுறவங்களுக்கு சரிப்பட்டு வராது.

புளூ கட் பத்தி: கண்ணு களைப்புக்கு அது பெருசா உதவாது. 2023-ல மருத்துவ ஆய்வுகளத் தொகுத்துப் பாக்குற காக்ரேன் அமைப்புக்காரங்க 17 ஆய்வ ஒண்ணா சேத்துப் பாத்து, சாதா லென்ஸ விட அதுல கண்ணு சோர்வு கொறையுறதா தெரியலன்னு தான் சொன்னாங்க. போட்டா கெடுதல் இல்ல, காசு உங்களுது. நானும் கண்ணாடி விக்குற தொழில்ல இருக்குறவன் தான், இருந்தாலும் சொல்றேன்.

அடுத்து பிரைட்னெஸ். புது மானிட்டர் எல்லாம் கடை வெளிச்சத்துல பளபளன்னு தெரியட்டும்னு ஏத்தி வெச்சு தான் வருது. 250, 300 நிட்ஸ் (ஸ்கிரீன் வெளிச்சத்தோட அளவு) வரைக்கும் போகும், வீட்டு ரூமுக்கு 100-120 போதும். அளக்க கருவி வேணாம், ஒரு இன்வாய்ஸ் பேப்பர ஸ்கிரீன் பக்கத்துல புடிச்சுட்டு வெள்ளப் பக்கம் ஒண்ணத் தொறங்க. ஸ்கிரீன் டியூப்லைட் மாதிரி எரிஞ்சா கொறைங்க, பேப்பரும் அதுவும் ஒரே வெள்ளையா தெரியுறப்ப நிறுத்துங்க. ராத்திரி இன்னும் கொஞ்சம் எறக்கணும்.

எழுத்து பிசிறடிக்குறதுக்கும் காரணம் இருக்கு. உங்க லேப்டாப்பும் இந்த மானிட்டரும் ரெண்டுமே 1920 × 1080-ன்னா, லேப்டாப்ல இஞ்சுக்கு 141 புள்ளி, இதுல 82 தான். அது மாறாது, 27 இஞ்சுக்கு 2560 × 1440 தான் பொருத்தம், இனிமே வாங்குறவங்க பாத்துக்கோங்க. உங்களுக்கு, விண்டோஸ்ல ரெக்கமெண்டட்னு போட்டிருக்குற ரெசல்யூஷனே வெச்சு, சர்ச்ல கிளியர்டைப்னு (எழுத்த தெளிவாக்குற செட்டிங்) அடிச்சு அத ஒரு தடவ செட் பண்ணுங்க, மானிட்டர் மெனுல ஷார்ப்னெஸ் ஏத்தி இருந்தா எறக்குங்க, என்ட்ரி போடுற பக்கத்த கன்ட்ரோல், பிளஸ் அமுக்கி 125% ஆக்குங்க.

எரிச்சல் தனி கதை. சாதாரணமா நிமிஷத்துக்கு 15 தடவ இமைக்கிறோம், ஸ்கிரீன் முன்னாடி அது 5, 7-ன்னு எறங்கிடும். பெரிய ஸ்கிரீன் நேரா நிக்குறப்ப கண்ணும் அகலமா தொறந்திருக்கும், சீக்கிரம் காஞ்சிடும். அதுக்கு மேல கத்திரி வெயில்ல டேபிள் ஃபேன மூஞ்சிக்கு நேரா வெச்சுக்குறது. ஃபேன காலுக்குத் திருப்புங்க. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ வாசல்ல நிக்குற வண்டிய ஒரு 20 செகண்டு பாத்து நல்லா அழுத்தி இமைச்சுட்டு வாங்க. நம்ம ஏரியா லைன் வீட்ல வெளிச்சமே வாசல் வழியா தான், அந்த வாசலுக்கு முதுகு காட்டி உக்காந்தா ஸ்கிரீன்ல தெரு தெரியும், மானிட்டர பக்கவாட்டுல திருப்பிப் போடுங்க.

மானிட்டரே மோசமான்னு பாக்க, பிரைட்னெஸ் கொறச்சுட்டு, ரூம இருட்டாக்கி, வெள்ள ஸ்கிரீன் முன்னாடி பென்சில வேகமா ஆட்டுங்க. மங்கலா இழுத்த மாதிரி தெரிஞ்சா ஓகே, தனித்தனி பென்சிலா தெரிஞ்சா ஸ்கிரீனுக்குப் பின்னாடி எரியுற பேக்லைட் துடிக்குது, சில பேருக்கு அதுலயே தலவலி வரும். ரிட்டர்ன் தேதி முடியுறதுக்குள்ள பாத்துடுங்க.

சுகர் இருந்தா மட்டும் கண்ணாடிக்கு அவசரப்படாதீங்க, சுகர் ஏறி எறங்குறப்ப பவரே மாறிக் காட்டும், கன்ட்ரோலுக்கு வந்தப்புறம் டெஸ்ட் பண்ணுங்க. ஒரு கண்ணு மட்டும் செவந்து வலிக்குது, லைட்ட சுத்தி வளையம் தெரியுது, பார்வை திடீர்னு கொறையுதுன்னா மானிட்டர நோண்டிட்டு இருக்காம அன்னிக்கே எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்கண்ணா.