ரீகன்சிலியேஷன் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

ரீகன்சிலியேஷன் என்றால் என்ன பொருள், எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே தமிழ்ச் சொல்லில் அடங்காது, இடத்துக்கு இடம் மாறும்.

எனக்கு இந்தச் சொல் பழகியது கணக்கு வேலையில். பாடநூலில் 'வங்கிச் சரிகட்டும் பட்டியல்' என்று இருக்கும். ஆபீஸில் 'பேங்க் ரெக்கோ' என்றுதான் சொல்வோம். நம் ரொக்க ஏட்டில் இருக்கும் இருப்பும் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் இருப்பும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று வரி வரியாகத் தேடுவதுதான் அந்த வேலை. நாம் கொடுத்த செக்கை வாங்கியவர் இன்னும் பேங்கில் போடாமல் வைத்திருக்கலாம். பேங்க் பிடித்த கட்டணத்தை நாம் எழுதாமல் விட்டிருக்கலாம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், மார்ச் 31 கணக்கில் 5,400 ரூபாய் இடித்தது. இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை. காரணம் தெரியாத தொகையைத் தற்காலிகமாக எழுதிவைக்கும் அனாமத்துக் கணக்கில் போட்டு முடித்துவிட்டேன். சீனியர் அதைப் பார்த்துவிட்டு, "9-ஆல வகுத்துப் பாரும்மா" என்றார். 600, மீதி இல்லை. "அப்போ எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கும், தேடு." மறுபடி உட்கார்ந்தேன். 8,200 வரவேண்டிய இடத்தில் 2,800 என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அன்றிலிருந்து ரீகன்சிலியேஷன் என்றால் எனக்கு அதுதான்: இடிக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, தவறு யாருடையது என்று ஒப்புக்கொள்வது.

ஆனால் மனிதர்கள் விஷயத்தில் 'சரிக்கட்டுதல்' என்று எழுதிவிடாதீர்கள். "ஆளைச் சரிக்கட்டியாச்சு" என்றால் எதையோ கொடுத்து வாயை அடைத்தாயிற்று என்றே எடுத்துக்கொள்வார்கள்.

கிறிஸ்தவ வழக்கில் 'ஒப்புரவு'. குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் சடங்கைக் கத்தோலிக்கர் ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள்; வயதானவர்கள் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். குறளின் 'ஒப்புரவறிதல்' வேறு, அது ஊருக்கு உதவி வாழ்வதைப் பேசுகிறது.

அரசியலில் 'நல்லிணக்கம்'. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்தபின், டெஸ்மண்ட் டூட்டு தலைமையிலான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1996-ல் விசாரணையைத் தொடங்கியது. பொதுமன்னிப்பு கேட்டு வந்தவர், தான் செய்ததை முழுதாகச் சொல்லியாக வேண்டும் என்பது நிபந்தனை. பெயரில் உண்மை முதலில் வருவதை நான் பெரிதாக நினைக்கிறேன். இலங்கையில் 2010-ல் 'கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு' அமைத்தார்கள். அதன் அறிக்கை வந்து பல வருஷம் கழித்து, 2017 பிப்ரவரியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். என் பிள்ளை எங்கே என்பதுதான் அவர்கள் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் அவர்களிடம் நல்லிணக்கம் பேசுவது அந்த 5,400-ஐ அனாமத்தில் போட்டதைவிடப் பல மடங்கு பெரிய தவறு.

சரி, வீட்டில்? சமாதானம், ராசி. "ராசியாயிட்டாங்களா?" என்று கேட்டால் எங்கள் ஊரில் யாருக்கும் புரியும்.

எங்கள் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கிணற்று மோட்டார் செலவில் தகராறு வந்து ஒன்பது வருஷம் பேச்சு இல்லை. அக்கா கல்யாணத்துக்கு வந்த பெரியப்பா மொய் எழுதினார், கை நனைக்காமல் போய்விட்டார். அதற்கு அடுத்த வருஷம் அப்பா, செலவு எழுதிய பழைய நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். ஒரு வரியில் அப்பா விரலை வைத்து, "இது நான் தரவேண்டியதுதாண்ணே" என்றார்.

பெரியப்பா கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நோட்டை மூடிவிட்டு, உள்ளே திரும்பி, "இலை போடு" என்றார்.