வலைக்கூடத்தில் செழிக்கும் ஆந்தூரியம் வீட்டுக்குள் ஏன் மஞ்சளாகிறது?

கேள்வி: மொரிஷியஸ், வாக்வாவில் நிழல்வலைக்குள் கொய்மலர் ஆந்தூரியம் பயிரிடுகிறோம். பிப்ரவரியில் ஆறு குட்டை ரக ஆந்தூரியம் தொட்டிகள் வாங்கி, வெள்ளைப் பீங்கான் உறைத்தொட்டிகளில் இறக்கி, வீட்டுக் கூடத்து அலமாரியில் வைத்தேன். வலைக்கூடத்துச் செடிகளைப் போலவே தினமும் காலையில் ஒரு தம்ளர் தண்ணீரும், வாரம் ஒருமுறை லிட்டருக்கு 2 கிராம் கரையும் உரமும் கொடுக்கிறேன். ஆகஸ்ட் வந்துவிட்டது. அடியிலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழுகின்றன. புது இலை சின்னதாக, காம்பு நீண்டு ஜன்னல் பக்கம் சாய்கிறது. இலை நுனி காய்கிறது. வாங்கியபோது இருந்த பூக்கள் பச்சையாகிவிட்டன, புதுப் பூ இல்லை. தமிழ்நாட்டுக் காணொளிகளில் வடக்கு ஜன்னல் நல்லது, டிசம்பரில் தண்ணீரைக் குறையுங்கள் என்கிறார்கள். இரண்டு தொட்டியில் அழுகல் வாடையும் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பூ பச்சையானதை முதலில் ஒதுக்கிவிடலாம், அம்மா. நாம் பூ என்று சொல்லும் நிறப் பாளை முதிரும்போது பல ரகங்களில் பச்சைக்குத் திரும்பும். அது நோயில்லை. காம்போடு அடியில் வெட்டி எடுத்துவிடுங்கள். மற்ற அறிகுறிகள் எல்லாவற்றுக்கும் ஒரே மூலம்தான். வலைக்கூடத்துக் கணக்கை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

75 சதவீத வெயிலைத் தடுக்கும் வலைக்குக் கீழேகூட நல்ல வெயில் நாளில் 20,000 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கிடைக்கும் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). ஜன்னலிலிருந்து மூன்று மீட்டர் உள்ளே இருக்கும் அலமாரியில் பெரும்பாலும் 500 லக்ஸ்கூடத் தேறாது. நம் கண்ணுக்கு அறை வெளிச்சமாகத்தான் தெரியும், இலைக்கு அது அந்திப் பொழுது. வெளிச்சம் இல்லாத செடி தண்ணீரை இழுக்காது, உரத்தைத் தின்னாது. அங்கே காற்றும் வெளிச்சமும் ஒரு நாளில் குடித்துவிடும் தண்ணீர் இங்கே பத்து நாள் நிற்கும். அதற்குள் அடுத்த பத்துத் தம்ளர் வந்து சேர்ந்துவிடுகிறது. ஓட்டையில்லாத பீங்கான் உறைத்தொட்டி மிச்சத்தைச் செய்கிறது. வடிந்த தண்ணீர் அதிலேயே தேங்கி, வேர் அதில் ஊறிக்கொண்டிருக்கிறது. தேங்கிய தண்ணீரில் புலிக்கொசு முட்டையிடும். சிக்குன்குனியாவும் டெங்குவும் பார்த்த தீவில் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆந்தூரியத்தின் தாயகம் கொலம்பியா, எக்வடோர் மழைக்காடுகள். மரக்கிளையிலும் இலைச்சருகிலும் பற்றி வளரும் செடி அது. தடித்த வேரின் மேல் பஞ்சு போன்ற உறை உண்டு. நனைந்ததும் உறிஞ்சும், பிறகு காற்றில் உலர வேண்டும். உலர விடாவிட்டால் முதலில் வேர் நுனி சாகும், பிறகு பித்தியம் போன்ற அழுகல் பூசணம் ஏறும். வேர் போனால் செடி பழைய இலைகளைக் கைவிடும். அடியிலை ஒவ்வொன்றாக மஞ்சளாவது அதனால்தான். மஞ்சளைப் பார்த்து உரத்தைக் கூட்டிவிடாதீர்கள்.

வாடை வரும் இரண்டு தொட்டிகளையும் இன்றே பிரியுங்கள். ஆகஸ்ட் மாதம் மாற்றி நட ஏற்ற காலமில்லைதான், ஆனால் அழுகிய வேர் அக்டோபர் வரை காத்திருக்காது. மற்ற நான்கையும் உறைத்தொட்டியிலிருந்து வெளியே எடுத்து வடியவிட்டாலே போதும். அவற்றைக் குளிர் விட்டபின் அக்டோபரில் மாற்றலாம்.

செடியைக் கவிழ்த்து எடுத்து, பழைய கலவையைச் சாதாரணத் தண்ணீரில் அலசுங்கள். நல்ல வேர் வெளிர்நிறமாக, விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும். கெட்டது பழுப்பாக இருக்கும், இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்த கத்தியால் கெட்டதை நல்ல பகுதி தெரியும்வரை நறுக்குங்கள். ஒவ்வொரு செடிக்கும் நடுவில் கத்தியை மறுபடி துடைக்க வேண்டும். குட்டை ரகங்கள் பெரும்பாலும் திசு வளர்ப்பில் வருபவை, ஒரே தொட்டியில் மூன்று நான்கு நாற்று சேர்த்து வைத்திருப்பார்கள். அவற்றில் ஒன்று முழுக்க அழுகியிருந்தால் பிரித்து எறிந்துவிடுங்கள். பாதிக்கு மேல் வேர் போயிருந்தால் பூக்காம்புகளையும் மிகப் பழைய ஓரிரு இலைகளையும் எடுத்துவிட்டு, மிஞ்சிய வேரளவுக்குச் சிறிய தொட்டியாகப் பாருங்கள். பெரிய தொட்டியில் வேர் தொடாத கலவை ஈரமாகவே கிடந்து மறுபடி அழுகலைக் கொண்டுவரும்.

கலவைக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, கழுவிய கருங்கல் சில்லி ஒரு பங்கு, நன்றாக மக்கிய கரும்புச் சக்கை ஒரு பங்கு. மட்டையை இரண்டு நாள் ஊறவைத்து மூன்று முறை தண்ணீரை மாற்றினால் துவர்ப்பும் உப்பும் வெளியேறும். சக்கை மக்காததாக இருந்தால் தொட்டிக்குள்ளேயே சூடேறும், தழைச்சத்தையும் அதுவே இழுத்துக்கொள்ளும். கடற்கரை வெள்ளை மணலைச் சேர்க்காதீர்கள். அது பவளச் சுண்ணாம்பு. கார அமிலத் தன்மை (pH) 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டிய கலவையை அது காரமாக்கிவிடும், பிறகு புது இலை வெளுக்கும். தோட்டத்து மண்ணும் வேண்டாம். பழையவர்கள் ஃபாந்தியா என்ற மரப்பெரணியின் தண்டு நாரில் நடுவார்கள். ஆந்தூரியத்துக்கு அருமையான பொருள்தான், ஆனால் அந்தப் பெரணி மிக மெதுவாக வளர்வது, காட்டில் வெட்டி வந்ததை வாங்க நான் சொல்லமாட்டேன்.

நடும்போது குருத்து கலவைக்கு மேலே நிற்கட்டும். தண்டில் தொங்கும் காற்றுவேர்கள் கலவையைத் தொட்டால் நல்லது. வெட்டுக்காயம் ஆற இரண்டு மூன்று நாள் தண்ணீர் விடாதீர்கள்.

அதன்பின் நாள் கணக்கை மறந்துவிட்டுச் சமையலறைத் தராசை எடுங்கள். தொட்டியை நன்றாக நனைத்து, முழுக்க வடிந்தபின் எடை போட்டு, எண்ணைத் தொட்டியிலேயே எழுதுங்கள். 600 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது 450 கிராமுக்கு இறங்கும்போதுதான் அடுத்த தண்ணீர். வாக்வா குளிரில் எட்டு பத்து நாளாகலாம், ஜனவரியில் மூன்று நான்கு நாளிலேயே எடை இறங்கிவிடும். விடும்போது அடியில் ஒழுகும்வரை விட்டு, ஒழுகியதைக் கொட்டிவிடுங்கள். உங்கள் ஊருக்கு மழை பஞ்சமில்லை. பிடித்துவைத்த மழைத்தண்ணீர் குழாய்த் தண்ணீரைவிட நல்லது, மூடி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும். குளிர்காலத்தில் தண்ணீர் அறைச் சூட்டுக்கு வந்தபின் விட வேண்டும்.

இலை நுனி காய்ந்தது உரத்தின் உப்பு. வாரம் 2 கிராம் என்பது அந்த இருட்டு அலமாரிக்கு மிக அதிகம். மாற்றி நடாத நான்கு தொட்டிகளையும் வெயிலான ஒரு காலையில், தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு வெறும் தண்ணீர் ஊற்றி அலசி வடியவிடுங்கள். குளிர் முடியும்வரை உரமே வேண்டாம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மாதம் ஒருமுறை லிட்டருக்கு அரை கிராம் போதும். கால்சியம் நைட்ரேட்டும் எப்சம் உப்பும் கொடுக்க நினைத்தால் வெவ்வேறு நாளில் கொடுங்கள். அடர்த்தியாக ஒன்றாகக் கரைத்தால் ஜிப்சமாகப் படிந்து இரண்டும் வீணாகும்.

இனி ஜன்னல். தமிழ்நாட்டுக் காணொளியில் சொல்வது அங்கே சரி. அது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறது, நாம் தெற்கே 20 டிகிரியில். அங்கே வடக்கு ஜன்னலில் பெரும்பாலும் நேர் வெயில் படாது. இங்கே ஜூன், ஜூலையில் நண்பகல் சூரியன் வடக்கு வானில் ஏறத்தாழ 46 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், வடக்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே நீளும். அந்த மாதங்களில் மெல்லிய வெள்ளைத் திரைக்குப் பின்னால் வடக்கு ஜன்னலோரம்தான் உங்கள் வீட்டில் சிறந்த இடம். வெளிச்சமும் கிடைக்கும், கொஞ்சம் கதகதப்பும் கிடைக்கும். டிசம்பரில் சூரியன் உச்சிக்குச் சற்றுத் தெற்கே போய்விடுவதால் அதே ஜன்னல் மங்கும். அப்போது கிழக்கு ஜன்னலுக்கு மாற்றுங்கள், காலை எட்டு மணிக்கு முந்தைய இளவெயில் படலாம். மேற்கு வெயில் இலையைச் சுட்டு, காகிதம் போல வெளுத்த திட்டுகளை விட்டுவிடும். கைப்பேசியில் லக்ஸ் காட்டும் செயலி இருந்தால் பகலில் 5,000 முதல் 10,000 வரை காட்டும் இடமாகத் தேடுங்கள். செயலி இல்லையென்றால் இலைக்கு ஒரு சாண் மேலே கையை நீட்டிப் பாருங்கள். ஓரம் மங்கிய, ஆனால் தெளிவாகத் தெரியும் நிழல் விழுந்தால் சரி. இருட்டில் இருந்த செடியை ஒரே நாளில் நகர்த்தாமல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோங்கள்.

பருவமும் தலைகீழ்தான். அங்கே மார்கழிக் குளிருக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறார்கள். நமக்கு மார்கழி கோடை, ஆடியும் ஆவணியும்தான் குளிர். வாக்வா மேட்டில் அந்த இரவுகளில் 15 டிகிரிக்கு அருகே இறங்கும். 18 டிகிரிக்குக் கீழே ஆந்தூரியம் வளர்ச்சியைச் சுருக்கிக்கொள்ளும். இரவில் கண்ணாடியை ஒட்டி வைக்காமல் ஒரு முழம் உள்ளே தள்ளுங்கள். புயல் எச்சரிக்கை நாட்களில் ஜன்னல் பலகை அடைத்து வீடு இருட்டானால், அத்தனை நாளும் தண்ணீர் வேண்டாம்.

பூ எப்போது வரும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, வலைக்கூடத்தில் நீங்களே பார்த்திருப்பீர்கள். முதிர்ந்த தண்டில் ஒரு இலைக்கு ஒரு பூ. இலை வராமல் பூ வராது. ஆகவே பூ உரம் என்று விற்பதை வாங்க வேண்டாம். அக்டோபருக்குப் பிறகு வரும் புது இலை முந்தையதைவிடப் பெரிதாகவும் காம்பு குட்டையாகவும் இருந்தால் வெளிச்சம் போதுகிறது என்று அர்த்தம். வேர் இழந்த இரண்டு செடிகளில் இந்தக் கோடை முடிவதற்குள் பூவை எதிர்பார்க்காதீர்கள். சாறு சேம்பைப் போல அரிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும், பூனையும் குழந்தையும் கடிக்காத உயரமாகப் பாருங்கள்.

உங்களுக்கு வலைக்கூடம் இருப்பதால் இன்னொன்று. வாங்கிய தொட்டிச் செடி பாக்டீரியா கருகலைச் சுமந்து வரலாம். இலை ஓரத்தின் அடிப்புறத்தில் நீர் கோர்த்த புள்ளி, அதைச் சுற்றி மஞ்சள் வளையம், பிறகு பழுப்பு. இரவில் இலை விளிம்பில் துளிர்க்கும் நீர்த்துளி வழியாகவே கிருமி உள்ளே போகும். மருந்தில்லை. அப்படி ஒன்றைக் கண்டால் செடி, கலவை, தொட்டி எல்லாவற்றையும் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், எருக்குழியில் போடாதீர்கள். காணாவிட்டாலும் இந்த ஆறு தொட்டிகளுக்குத் தனிக் கத்தி வையுங்கள். காலையில் முதலில் வலைக்கூட வேலையை முடித்துவிட்டு, அதன்பிறகு வீட்டுச் செடியைத் தொடுங்கள்.