மழை தள்ளிப்போனால் நிலக்கடலை, எள், ஆமணக்கு என்ன செய்யும்? கேள்வி பதில்

கோட்டையூரிலிருந்து: அண்ணே, ஆடியில் விதைத்த கடலைக்கு 25 நாள் ஆகிறது. பத்து நாளாக மழை இல்லை, மத்தியானம் இலையெல்லாம் மூடிக்கொள்கிறது. லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றலாமா?

வேண்டாம் தம்பி, காசைப் பத்திரமாக வையுங்கள். உச்சி வெயிலில் கடலை தன் சிற்றிலைகளைச் சேர்த்து மூடுவது வெயில் படும் பரப்பைக் குறைக்கத்தான், அதனால் இலையில் சூடும் குறையும், ஆவியாகப் போகும் தண்ணீரும் குறையும். காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள், இலை விரிந்து நின்றால் வேருக்கு இன்னும் ஈரம் கிடைக்கிறது. அப்போதும் தொங்கினால்தான் கவலை. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்வோமே, இந்த வயதில் கொஞ்சம் காய்ந்தால் வேர் கீழே போகும், அடுத்த மழைக்குப் பூவும் ஒன்றாகத் திரளும். ஆனால் அடியில் செம்புறாங்கல் உள்ள நிலமென்றால் வேர் எங்கே போகும்? அங்கே வாட்டம் சீக்கிரமே வரும்.

கல்லலிலிருந்து: போன வருஷம் செடி பச்சைப்பசேலென்று நின்றது, பிடுங்கினால் பாதிக் காய் பருப்பில்லாத பொக்கு. ஏன் ஐயா?

இதைப் பலரும் விதைமேல் பழி போட்டு விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். பூவுக்குப் பிறகு அதன் அடியிலிருந்து ஊசி மாதிரி நீளும் விழுது மண்ணுக்குள் இறங்கினால்தான் காய். மேல்மண் ஓடு மாதிரி இறுகிக் கிடந்தால் அது இறங்காது. இறங்கினாலும், காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து வேர் வழியாகப் போதுமான அளவு வராது, காயே தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து உறிஞ்ச வேண்டும், அதற்கு அந்த மண்ணில் ஈரம் வேண்டும். ஆக வேர் ஆழத்தில் குடித்துச் செடி செழிப்பாக நிற்கும், மேலே இரண்டு அங்குல மண் காய்ந்து காய் பட்டினி கிடக்கும். 40-45 நாளில், மண்ணில் ஈரம் இருக்கும்போது, சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சத்தை ஏக்கருக்கு 160 கிலோ போட்டு, செடியின் அடியில் மண் அணையுங்கள். கிணற்றில் ஒரே ஒரு பாய்ச்சலுக்குத்தான் தண்ணீர் என்றால் அதை விழுது இறங்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தேவகோட்டையிலிருந்து: எள் மட்டும் எப்படித் தாங்குகிறது?

ஆணிவேர்தான் பலம். அப்புறம், எள் கீழிருந்து மேலாகப் பூத்துக்கொண்டே போகும், வறண்டால் நுனிப் பூவை உதிர்த்துவிட்டு, கீழே பிடித்த காயை முற்ற வைக்கும். தண்ணீர் தேங்கினால் மட்டும் தாங்காது.

பள்ளத்தூரிலிருந்து: ஆமணக்குத் தண்டில் வெள்ளையாக மாவு படிந்திருக்கிறது, மருந்து அடிக்கவா அண்ணே?

அடிக்காதீர்கள் அம்மா. அது செடியே பூசிக்கொள்ளும் மெழுகு, தண்ணீர் வெளியேறாமல் காக்கிறது. வறட்சியும் சூடும் மிஞ்சினால் குலையில் ஆண் பூ கூடிக் காய் குறையும், அதைத்தான் கவனிக்க வேண்டும்.

புதுவயலிலிருந்து: கடைசி ஒரு மாதம் மழையே இல்லை. அந்தக் கடலையைச் செக்கில் ஆட்டலாமா?

பொறுக்கிப் பிரித்த பிறகு ஆட்டுங்கள். முற்றும் நேரத்தில் மண் சூடேறி வறண்டால் பருப்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்து பூஞ்சணம் ஏறும், அது அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள். அந்த நஞ்சில் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கும், கறவை மாட்டுக்கு வைத்தால் பாலிலும் இறங்கும், அதனால் கழித்த கடலையை ஆட்டி மாட்டுக்குப் போடலாம் என்ற எண்ணமே வேண்டாம்.